ஹீட்டரைத் துண்டித்துவிடாதீர்கள்: மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்போரூர், கேளம்பாக்கம், கோவளம், மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் கார், வேன் பழுதுபார்க்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும்,



நான் திருப்போரூரிலிருந்து சுற்றுலா வண்டி ஓட்டிப் பிழைப்பவன். கந்தசாமி கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்கிய நாளிலிருந்து என் வண்டிகள் உங்கள் கையில்தான் இருக்கின்றன. கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் என்று நீங்கள் செய்து கொடுத்த வேலைகளை நம்பித்தான் ஊர் ஊராகப் போய் வருகிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கேட்பது இரண்டே விஷயம். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஏசி கூலிங் காயில் என எந்த வேலைக்கு வண்டி வந்தாலும், ஹீட்டரைப் போட்டுச் சூடான காற்று வருகிறதா என்று பார்த்த பிறகு சாவியைத் திருப்பிக் கொடுங்கள். ஹீட்டர் ஹோஸைத் துண்டித்தே தீர வேண்டிய நிலை வந்தால், அதை எங்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பில்லிலும் எழுதிக் கொடுங்கள்.

"நம்ம ஊர்ல ஹீட்டர் எதுக்குண்ணே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. ஏசியில் கூலிங் குறைந்தால் அன்றைக்கே உங்களிடம் ஓடி வருவோம். ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பிப் பார்க்காமலேயே வண்டியை விற்றவர்கள் நம் ஊரில் உண்டு. அதனால்தான் ஹீட்டர் ஹோஸ் ஒழுகினால் இரண்டு முனையையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்து, கிளிப்பைப் போட்டு, 'பைபாஸ் பண்ணிட்டேன்' என்று முடித்துவிடுகிறீர்கள். ஒழுகல் நின்றுவிடும். வண்டி ஓடும். இங்கேயும் சென்னைக்கும் ஓடும் வரை ஒரு குறையும் தெரியாது.

ஆனால் நம் வண்டிகள் இங்கேயே ஓடுவதில்லை. கார்த்திகை பிறந்தால் சாமிமார்களை ஏற்றிக்கொண்டு குமுளி ஏறி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு வழியாகப் பம்பைக்குப் போகிறோம். அரையாண்டு விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல். சிறுசேரி கம்பெனிகளிலிருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிற பிள்ளைகளை விடியற்காலையில் மலையில் இறக்குகிறோம். கடல் மட்டத்தில் கிளம்பிய வண்டி ஒரே ராத்திரியில் 2,240 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மார்கழியில் ஊட்டிப் புல்வெளிகளில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நேரம் அது.

அங்கே ஹீட்டர், உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குளிர் தெரியாமல் இருக்க மட்டும் அல்ல. கண்ணாடிக்காகத்தான் முதலில் வேண்டும். வேனுக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள். நனைந்த சட்டை, ஈரச் செருப்பு, போர்வை எல்லாம் சேர்ந்து உள்ளே இருக்கும் காற்று ஈரத்தால் நிரம்பிவிடுகிறது. வெளியே குளிர்ந்த கண்ணாடி. அந்த ஈரம் கண்ணாடியின் உள்பக்கத்தில் படிந்து மறைத்துவிடும். நம் கரையோரத்தில் மழை நாளில் ஏசி அதிகமாகி வெளிப்பக்கம் மூடுவது வேறு. அதை வைப்பர் துடைத்துவிடும். மலையில் மூடுவது உள்ளே. வைப்பர் எட்டாது. துணியால் துடைத்தால் அடுத்த வளைவுக்குள் மறுபடி மூடிவிடும். வெளிக்காற்றை உள்ளே எடுத்து, ஏசி அதன் ஈரத்தை உறிஞ்ச, ஹீட்டர் அதைச் சூடாக்கிக் கண்ணாடிமேல் வீச வேண்டும். அப்போதுதான் கண்ணாடி தெளியும், தெளிந்தபடியே நிற்கும். கடுங்குளிரில் பல வண்டிகளில் ஏசி கம்ப்ரஸர் தானாகவே கட் ஆகிவிடும். அந்த நேரத்தில் ஹீட்டர் ஒன்றுதான் துணை.

அமெரிக்காவில் வண்டிகளுக்கான பாதுகாப்பு விதிகளில் 103-ஆம் எண் விதி, முன்கண்ணாடியின் பனியையும் ஈரத்தையும் நீக்கும் ஏற்பாடு எல்லா கார்களிலும் இருக்க வேண்டும் என்கிறது. சொகுசு வசதிகளோடு சேர்க்காமல், பிரேக்குக்கும் விளக்குக்கும் பக்கத்தில் அதை வைத்திருக்கிறார்கள். நம் செங்கல்பட்டு மாவட்டத்து மறைமலை நகரில் செய்த எக்கோஸ்போர்ட் வண்டிகள் அந்த நாட்டுக்குக் கப்பல் ஏறின. 2022-இல் ஃபோர்டு அங்கே உற்பத்தியை நிறுத்தும் வரை, அந்த விதிக்குப் பொருந்தும் வண்டிகளை நம் பக்கத்துப் பிள்ளைகள்தான் மாட்டிக் கொடுத்தார்கள். அதே கைத்திறன் உள்ள ஊரில் ஹீட்டரை வேண்டாத உறுப்பாக வெட்டிவிடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

குளிரை விடுங்கள். வெயிலுக்கே ஹீட்டர் வேண்டும் என்பேன். எஞ்சினிலிருந்து வருகிற அதே சூடான கூலன்ட்தான் இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஹீட்டர் காயிலுக்குப் போய்த் திரும்புகிறது. அது ஒரு குட்டி ரேடியேட்டர். ஓஎம்ஆர் நெரிசலில் சித்திரை மத்தியானம் ரேடியேட்டர் ஃபேன் நின்று டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறும்போது, ஏசியை நிறுத்தி, ஜன்னல்களை இறக்கி, ஹீட்டரை முழுச் சூட்டிலும் ப்ளோயரை முழு வேகத்திலும் வைத்தால் எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டும் வரை ஹெட் கேஸ்கெட்டைக் காப்பாற்ற அது பல சமயம் போதும். பைபாஸ் செய்த வண்டியில் இந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பட்டறையின் பெயரும் ஊரும் வேண்டாம். ஒரு மார்கழியில் ரேடியேட்டர் மாற்றிய வேனை எடுத்துக்கொண்டு குடும்பம் ஒன்றை ஊட்டிக்கு ஏற்றிப் போனேன். மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு கடந்து, பர்லியாற்றுக்கு மேலே சாரல் பிடித்தது. கண்ணாடி மூடத் தொடங்கியது. ஹீட்டரை முழுதும் திருப்பினேன். ப்ளோயர் நன்றாக இரைந்தது, வந்தது குளிர்காற்று. ஒரு கையில் ஸ்டீயரிங், ஒரு கையில் துணி. முன்சீட்டிலிருந்த பெரியவரும் அவர் பக்கத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். எதிரே இறங்கி வந்த லாரியின் விளக்கு கண்ணாடி முழுக்கப் பரவி, வளைவின் விளிம்பே தெரியாமல் போனது. பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டு, இரண்டாவது கியரில் ஊர்ந்து குன்னூர் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலை அங்கே ஒரு பட்டறையில் காட்டினேன். வயதான மெக்கானிக். மீட்டரில் கை வைக்கவில்லை, டேஷ்போர்டைத் தொடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் ஃபேனுக்குச் சிக்காமல் கையை உள்ளே விட்டு, எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவர் பக்கம் ஹீட்டர் ஹோஸ்களைத் தேடினார். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பித்தளை முனைகளும் வெறுமையாக இருந்தன. ஒன்றில் சிலந்தி வலைகூட இருந்தது. எஞ்சின் பக்கத்தில் பழைய ஹோஸ் ஒன்றை வளைத்து இரண்டு கிளிப்போடு கட்டியிருந்தார்கள். "கீழேயிருந்து வர்ற வண்டிங்கள்ல இத நிறைய பாக்கறேன் தம்பி. உங்க ஊர் ஆளுங்களுக்குக் குளிர் தெரியாது, பாவம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காயிலில் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார், ஒழுகல் இல்லை. ஹோஸ்தான் எப்போதோ வெடித்திருக்கிறது. ஓர் அடி ஹோஸ் வாங்கிப் போடவேண்டிய இடத்தில் காயிலையே துண்டித்து விட்டிருந்தார்கள்.

புது ஹோஸ் இரண்டும் மாட்டியாயிற்று. கூலன்ட் நிரப்பியாயிற்று. அப்போதும் சூடு வரவில்லை. டேஷ்போர்டுக்குள் தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ரேஸ் கொடுத்தால் கொஞ்சம் வெதுவெதுப்பு. விட்டால் மறுபடி குளிர். "ஏர் புடிச்சிருக்கு" என்றார் மெக்கானிக். எஞ்சினை அணைத்து ஆறவிட்டோம். வண்டியைச் சரிவில் முன்பக்கம் மேலே ஏறி நிற்கும்படி திருப்பி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலிங்கில் ஓடவிட்டார். மேல் ஹோஸை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுக் குமிழிகளை வெளியேற்றினார். மட்டம் இறங்க இறங்க ஊற்றினார். தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடேறியதும் இன்னொரு பெரிய குமிழி பொங்கி வந்தது. அதற்குப் பிறகு உள்ளே கை நீட்டிப் பார்த்தால் நல்ல வெந்நீர் ஆவி மாதிரி காற்று.

அவர் செய்ததில் நீங்கள் அறியாதது ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கே குறைகிறது என்று யோசித்தால் நேரம்தான். காற்று எடுக்க அரை மணியாவது வேண்டும். வாசலில் நாலு வண்டி காத்திருக்கும்போது, மூடி வரை ஊற்றி, மூடியைப் போட்டு அனுப்பிவிடத் தோன்றும். ஹீட்டர் காயில் பல வண்டிகளில் எஞ்சினுக்குச் சமமான உயரத்திலோ அதற்கு மேலேயோ இருக்கிறது. காற்று அங்கேதான் போய் உட்காரும். ஆகவே ரிப்பேர் முடிந்த வண்டியில் ஹீட்டர் குளிர்ந்தால், முதல் சந்தேகம் காற்று மேல்தான் இருக்க வேண்டும். ப்ளீட் திருகு உள்ள வண்டிகளில் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் சீராக வழிந்த பிறகு முறுக்குங்கள். காயிலுக்குக் கூலன்ட் போகும் வழியில் காக் வைத்த பழைய வண்டிகளில் குமிழைச் சூட்டுப் பக்கம் வைக்காவிட்டால் காக் மூடியே இருக்கும், காயிலுக்குள் ஒரு சொட்டும் போகாது. எத்தனை முறை எடுத்தாலும் காற்று மீண்டும் மீண்டும் சேர்ந்தால், ரேடியேட்டர் வாயில் குமிழி நிற்காமல் வந்தால், ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். முள் ஏறுவதற்கு முன்பே இதை ஹீட்டர் காட்டிக் கொடுத்துவிடும்.

அந்த மெக்கானிக் முதலில் ஹோஸைத் தேடிக் கை நீட்டிய முறையை நம் பட்டறைப் பையன்கள் எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஹீட்டரை முழுதும் திறந்துவிட்டு, இரண்டு ஹோஸையும் சட்டென்று தொட்டுப் பாருங்கள். இரண்டும் சுட்டால் கூலன்ட் நன்றாகச் சுற்றுகிறது. குறை உள்ளே காற்றைத் திருப்பும் கதவுகளில் இருக்கிறது. ஒன்று சுட்டு ஒன்று குளிர்ந்திருந்தால் காயில் அடைத்திருக்கும், அல்லது காக் மூடியிருக்கும், அல்லது காற்று பிடித்திருக்கும். இரண்டுமே வெதுவெதுப்பாக இருந்தால் கூலன்ட் மட்டம், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட். ஸ்கேனர் இல்லாத பட்டறையிலும் இவ்வளவையும் ஒரு கை சொல்லிவிடும்.

தெர்மோஸ்டாட் என்றதும் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. சூடேறுகிறது என்று வண்டி வந்தால் முதல் வேலையாக வால்வைக் கழற்றிப் போடும் பழக்கம் நம் வட்டாரத்தில் வேரூன்றிவிட்டது. 'நம்ம வெயிலுக்கு இது வேணாம்' என்று நீங்கள் சொல்வதை நாங்களும் நம்பினோம். ஆனால் அந்த வால்வு வெயிலுக்கும் குளிருக்கும் வைத்தது அல்ல. எஞ்சினைச் சரியான சூட்டில் நிறுத்துவதற்கு வைத்தது. பல வண்டிகளில் 82 முதல் 88 டிகிரிக்குள் அது திறக்கத் தொடங்கும். கழற்றிவிட்டால் எஞ்சின் அந்தச் சூட்டுக்கு ஏறவே நெடுநேரம் ஆகும். மலையிலிருந்து இறங்கும்போது ஏறவே ஏறாது. டீசல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் ஈரமும் எரியாத டீசலும் சேரும், ஹீட்டரில் வெதுவெதுப்புக்கு மேல் வராது. இன்னொன்றும் உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் துவாரத்தை மூடும். வால்வையே கழற்றிவிட்டால் அந்தத் துவாரம் எப்போதும் திறந்து கிடக்கும். கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிச் சுற்றி வரும். எதற்காகக் கழற்றினீர்களோ அந்தச் சூடு குறையாமல் கூடிவிடும்.

வால்வு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய காரியமும் இல்லை. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்க வைத்தால் எப்போது திறக்கிறது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள். காசு கேளுங்கள், கொடுக்கிறோம். கழற்றி மட்டும் எறியாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தை நிறுத்துவதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு திருப்போரூரில் ஒழுங்காக ஓடிய வண்டி, குன்னூர் ஏற்றத்தில் பொங்குவதற்கு இதுதான் காரணம். பொங்கினால் கூலன்ட் குறையும், குறைந்த இடத்தில் காற்று நுழையும், ஹீட்டரும் போகும்.

நம் மண்ணுக்கென்றே உள்ள ஒரு தொல்லை தண்ணீர். பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் போர் போட்டவர்களுக்கு அது தெரியும். கேளம்பாக்கத்தில் உப்பளமே இருக்கிறது. நெம்மேலியில் 2013-லிருந்து கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். 2024-இல் அங்கே இரண்டாவது ஆலையும் திறந்தாகிவிட்டது. பட்டறையில் ரேடியேட்டருக்கு ஊற்றுவதோ பெரும்பாலும் பக்கத்துக் குழாய்த் தண்ணீர். அதிலுள்ள சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து படிகிறது, உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. படிவது முதலில் எங்கே? குழாய்கள் மிகவும் குறுகலாக இருக்கும் ஹீட்டர் காயிலில். ரேடியேட்டர் பாதி அடைவதற்கு முன்பே அது முழுதாக அடைத்துக்கொள்கிறது.

ஒழுகலை நிறுத்த மஞ்சள் தூள் போடும் வழக்கமும் இருக்கிறது. நடுவழியில் நின்ற டிரைவர் அருகிலுள்ள கடையில் பொட்டலம் வாங்கிக் கொட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வீடு சேர வேண்டும். ஆனால் பட்டறைக்கு வந்த பிறகும் அந்தத் தூளோ, டப்பாவில் விற்கும் அடைப்பு மருந்தோ போட்டு அனுப்பினால், ஓட்டையை அடைக்கும் அதே பொருள் ஹீட்டர் காயிலின் நுண்குழாய்களையும் அடைக்கும். ஒரு காயிலைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டிய போது மஞ்சளும் துருவும் கலந்த சேறு கட்டியாக விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். அடைப்பு லேசாக இருந்தால் இரண்டு ஹோஸையும் கழற்றி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் விடாதீர்கள். பழைய காயில் பிளந்துவிடும். பிறகு டேஷ்போர்டைப் பிரிக்கும் செலவு வந்து சேரும்.

கூலன்ட்டும் மினரல் நீக்கிய தண்ணீரும் சரிபாதி கலந்தால் சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. டொரோண்டோவில் இருக்கும் நம் தமிழர்களுக்கு அது உயிர்காக்கும் கணக்கு. நமக்கு உறைவது பற்றிக் கவலையில்லை. கொதிநிலை கூடுவதும், துருப்பிடிக்காமல் இருப்பதும், வாட்டர் பம்ப் சீல் நிலைப்பதும் போதும். வெவ்வேறு வகைக் கூலன்ட்டைக் கலக்காதீர்கள். கழற்றிய பழைய கூலன்ட்டைத் தெருவிலோ சாக்கடையிலோ விடாதீர்கள். அது விஷம், ஆனால் இனிக்கும். பட்டறை வாசலில் படுத்திருக்கும் நாய்கள் நக்கிவிடுகின்றன. குழந்தைகள் நடமாடும் தெரு என்பதையும் நினையுங்கள்.

கரையோர வண்டிகளுக்கு இன்னொரு கதை. உப்புக்காற்றும் ஓயாத ஏசியும் சேர்ந்து கூலிங் காயில் ஒழுகுவது இங்கே சாதாரணம். அதை மாற்ற டேஷ்போர்டைப் பிரிக்கிறீர்கள். பக்கத்திலேயே ஹீட்டர் காயிலும், காற்றைச் சூட்டுப் பக்கமோ குளிர் பக்கமோ திருப்பும் கதவும் இருக்கின்றன. திரும்ப மாட்டும்போது அந்தக் கதவின் கேபிள் கிளிப்பிலிருந்து நழுவியிருக்கும், அல்லது ஆக்சுவேட்டரின் பிளக் மாட்டாமல் விட்டுப்போயிருக்கும். ஏசி ஜில்லென்று வருவதால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டு ஹோஸும் சுடுகிறது, ஆனால் உள்ளே குளிர்காற்று என்றால் அநேகமாக இதுதான். குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பி, கதவு தட்டும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். தானியங்கி ஏசி உள்ள சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு அந்தக் கதவுகளுக்கு ஸ்கேனரில் அளவு பிடித்துக் கொடுக்க வேண்டும். மிதியடி ஈரமாக இருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். வெறும் தண்ணீராக இருந்தால் ஏசி வடிகுழாய் அடைப்பு. பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் ஹீட்டர் காயில் ஒழுகல்.

காயில் உண்மையிலேயே ஓட்டையாகி, வண்டிக்காரரிடம் பணமும் இல்லை என்றால் பைபாஸ் செய்வதைத் தவிர வழியில்லாத நாள் வரும். அதை நான் மறுக்கவில்லை. அப்போது "ஹீட்டர் துண்டிக்கப்பட்டுள்ளது, மலைப்பாதைக்கு ஏற்றதல்ல" என்று பில்லில் ஒரு வரி எழுதுங்கள். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அந்த வண்டியை அடுத்து ஓட்டப்போகிறவர் வேறு ஆளாக இருக்கலாம். பழைய வண்டியாக வாங்கிய யாரோ ஒரு தம்பி முதல் தடவையாகக் கல்லாறு ஏறிக்கொண்டிருக்கலாம். அவருக்கு அந்தச் சீட்டு தேவை. சூடு இல்லாத வண்டியில் கதவை அடைத்துக்கொண்டு கரி அடுப்பு மூட்டிக் குளிர் காய்பவர்களும் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் நச்சு வாயு மணமில்லாமல் ஆளைக் கொல்லும். ஹீட்டர் இல்லை என்று முன்னாலேயே தெரிந்தால் அறை எடுத்துத் தங்கச் சொல்ல முடியும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டியது இருக்கிறது. வண்டியை விடும்போதே எந்த ஊருக்குப் போகப்போகிறது என்று சொல்லுவோம். 'சாயங்காலம் டிரிப் இருக்கு' என்று உங்கள் கழுத்தைப் பிடிக்காமல், காற்று எடுக்கவும் ஆறவிட்டு மறுபடி மட்டம் பார்க்கவும் அரை நாள் கூடுதலாகத் தருவோம். ஹோஸுக்கும் கிளிப்புக்கும் பேரம் பேச மாட்டோம். அந்த அரை மணி வேலைக்கான கூலியைத் தனியாகப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்குப் பணம் கொடுத்து, தெரியாத கவனத்துக்குக் கொடுக்காமல் இருந்தால் அந்தக் கவனம் எப்படி நிலைக்கும்? டிரைவர்கள் சங்கத்தில் இதைப் பேசியிருக்கிறேன், பலரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கார்த்திகை ஒன்றாம் தேதிக்கு மாலை போடுகிறவர்கள் இப்போதே வண்டி பேசத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் என் வேனைக் கொண்டு வருகிறேன். கூலன்ட் கேனையும் மினரல் நீக்கிய தண்ணீரையும் நானே வாங்கி வந்துவிடுகிறேன். எஞ்சின் சூடேறாத காலை வேளையில், மூடியைப் பயமில்லாமல் திறக்கும் நேரத்தில் வருகிறேன். ஹீட்டர் ஹோஸ் இரண்டும் எங்கே போகிறது என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள். மற்ற வேலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
திருப்போரூரிலிருந்து உங்கள் வாடிக்கைக்கார டிரைவர்